அச்சில் ஊதிய ரோமானியக் கண்ணாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ரோமானியக் கண்ணாடிப் பாத்திரங்களின் படத்தைப் பார்த்ததும் பலருக்கும் எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தப் பாத்திரங்களைவிட, அவற்றைச் செய்தவர்கள் மீதுதான் எனக்கு அக்கறை அதிகம். அதனால் அவர்களைப் பற்றிய பதில்கள் சற்று நீளமாக இருக்கும்.

அச்சில் ஊதுவது என்றால் என்ன?

உருகிய கண்ணாடியைக் குழல் நுனியில் ஒரு கட்டியாக எடுத்து, வாயால் ஊதிக் குமிழாக்கி, உருட்டியும் இழுத்தும் வடிவம் கொடுப்பது சாதாரண ஊதுமுறை. அந்தக் குமிழை உட்புறம் சித்திரம் குடைந்த அச்சுக்குள் இறக்கி ஊதினால், கண்ணாடி அச்சின் சுவரில் போய் ஒட்டி, அங்கிருக்கும் கோலத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். பாத்திரத்தின் வடிவமும் அலங்காரமும் ஒரே மூச்சில் கிடைத்துவிடும். கொழுக்கட்டை அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மாவை விரலால் அழுத்துகிறோம், இங்கே காற்று அழுத்துகிறது.

எப்போது, எங்கே தொடங்கியது?

கண்ணாடியை ஊதலாம் என்று முதலில் கண்டுகொண்டவர்கள் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் வாழ்ந்தவர்கள். இன்றைய லெபனான், இஸ்ரேல், பாலஸ்தீனம், சிரியா பகுதி அது. காலம் கி.மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி. எருசலேமின் பழைய நகரில் நஹ்மான் அவிகாட் நடத்திய அகழாய்வில் ஒரு பட்டறையின் கழிவுக்குவியல் கிடைத்தது. உடைந்த கண்ணாடிக் குழாய்களும், அவற்றின் ஒரு முனையை மூடி ஊதிப் பார்த்த சின்னஞ்சிறு குப்பிகளும் அதில் இருந்தன. ஊதுகலை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

அச்சில் ஊதும் முறை அதற்கு இரண்டு மூன்று தலைமுறைகள் கழித்து, கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியில் வந்தது. பெரும்பாலான ஆய்வாளர்கள் கைகாட்டுவது ஃபினீசியக் கடற்கரையை (இன்றைய லெபனான் கரை), குறிப்பாக சீதோன் நகரை. ‘இயற்கை வரலாறு’ எழுதிய ரோமானிய எழுத்தாளர் பிளினியும் சீதோனைக் கண்ணாடிப் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர் என்கிறார்.

அச்சை எதில் செய்தார்கள்?

பெரும்பாலும் சுட்ட களிமண்ணில். கல், சாந்து, உலோகம் ஆகியவையும் பயன்பட்டன. சதுரச் சீசாக்களின் அடிப்பலகையாக இருந்த அச்சுக் கற்கள் பிரான்சு, ஜெர்மனி பகுதிகளில் கிடைத்திருக்கின்றன. ஆனால் நுட்பமான அலங்காரம் கொண்ட முழு அச்சுகள் கிடைப்பது மிக மிக அரிது. சூட்டையும் தேய்மானத்தையும் தாங்கமுடியாமல் அவை உடைந்துபோயிருக்கும். உடைந்த களிமண் ஓட்டை யார் எடுத்து வைப்பார்கள்? அதனால் அச்சைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி பாத்திரத்தைப் பார்த்துப் பின்னோக்கிக் கணித்ததுதான்.

வேலை இப்படி நடந்திருக்க வேண்டும். முதலில் பாத்திரத்தின் மாதிரியை முழு அளவில் செய்து, அதன்மேல் கொடி, பூ, எழுத்து எல்லாவற்றையும் புடைப்பாகச் செதுக்குவார்கள். அதன்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, இரண்டு மூன்று துண்டுகளாக அறுத்துக் கழற்றி, காயவைத்துச் சுடுவார்கள். அடிப்பாகத்துக்குப் பெரும்பாலும் தனித்துண்டு. களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும் என்பதால் மாதிரியை அதற்கேற்பச் சற்றுப் பெரிதாகச் செய்தாக வேண்டும்.

இந்தச் சுருக்கம் ஆய்வாளர்களுக்கு ஒரு துப்பும் கொடுக்கிறது. வேறொருவர் செய்த பாத்திரத்தையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்தால், அதிலிருந்து வரும் நகல் மூலத்தைவிடச் சிறிதாகவும் கோடுகள் மழுங்கியும் இருக்கும்.

ஊதும்போது என்னதான் நடக்கிறது?

ஊதுபவருக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸ் சூட்டில் தேன்போல் இளகிய கண்ணாடி, அச்சைத் தொட்டதுமே இறுகத் தொடங்கிவிடும். மெதுவாக ஊதினால் கோலத்தின் மூலைமுடுக்குகளுக்குள் கண்ணாடி போய்ச் சேராது. குமிழின் சுவர் ஒருபக்கம் மெலிந்திருந்தால் அங்கே பிய்த்துக்கொள்ளும். உள்ளே இறக்கும் குமிழின் அளவும் முக்கியம். பெரிதாக இருந்தால் இறங்கும்போதே விளிம்பில் உரசிச் சுருங்கும், சிறிதாக இருந்தால் அச்சைத் தொடுவதற்குள் மெலிந்துபோகும்.

ஊதி முடித்ததும் உதவியாள் அச்சைத் திறப்பார். உலைச்சூட்டை மீண்டும் காட்டினால் புடைப்பெல்லாம் இளகி மங்கிவிடும், காட்டாவிட்டால் வாயைத் திருத்தவோ கைப்பிடி வைக்கவோ முடியாது. இந்த இழுபறியைத் தீர்க்கப் பல பட்டறைகள் ஒரு வழி கண்டன. குழலிலிருந்து வெட்டிய விளிம்பைத் திரும்பச் சுடாமல், ஆறிய பிறகு தேய்த்து வழவழப்பாக்கிவிட்டார்கள். கைப்பிடி உள்ள கோப்பைகளில், உருகிய கண்ணாடித் துளியை ஒட்டி இழுத்து வளைத்துப் பொருத்தினார்கள். கடைசியில் எல்லாவற்றையும் சூடான அறையில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் தானாகவே விரிசல் விடும்.

ஊதுபவரும் உதவியாளும் உலையருகே வேலை செய்யும் காட்சியை முதல் நூற்றாண்டின் களிமண் அகல்விளக்குகள் சில காட்டுகின்றன. இத்தாலி, சுலோவீனியா, குரோவேசியா ஆகிய நாடுகளில் அவை கிடைத்துள்ளன. விரலளவு படம்தான் என்றாலும் அந்தப் பட்டறைக்குள் எட்டிப்பார்க்க நமக்கிருக்கும் சன்னல் அது.

பாத்திரத்தின் மேல் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறதே, அது குறைபாடா?

இல்லை. அச்சின் இரு துண்டுகள் சேரும் இடத்தில் கண்ணாடி துளி பிதுங்கும், அந்தத் தடம்தான் அது. எத்தனை கோடுகள் என்று எண்ணினால் அச்சு எத்தனை துண்டு என்று தெரிந்துவிடும். அச்சு தேயத் தேயக் கோடு தடிப்பாகும். ஒரே அச்சில் பிறந்த பாத்திரங்களில் முந்தியது எது, பிந்தியது எது என்று சொல்லவும் இதுவே உதவுகிறது. நல்ல அச்சுக்காரர்கள் இந்தக் கோட்டை ஒரு தண்டிலோ பள்ள வரியின் ஓரத்திலோ ஒளித்துவைத்தார்கள். ஒரு பட்டறையின் தரத்தை எடைபோட நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

என்னியோன் யார்?

இந்தக் கலையில் நமக்குப் பெயர் தெரிந்தவர்களில் முதன்மையானவர். கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியில் வேலை செய்தவர். அவரது கோப்பைகளிலும் ஜாடிகளிலும் அலங்காரத்தின் நடுவே, இரு பக்கமும் முக்கோணக் காது வைத்த ஒரு சிறு செவ்வகப் பலகை இருக்கும். அதற்குள் கிரேக்க எழுத்தில் ‘என்னியோன் செய்தார்’. சில பாத்திரங்களில் மறுபக்கமும் இன்னொரு பலகை: ‘வாங்குபவர் நினைக்கப்படுவாராக.’

அந்தக் கோப்பைகளில் ஒன்றை நெருங்கிப் பாருங்கள். கீழ்ப்பகுதியைச் சுற்றி நெருக்கமான பள்ள வரிகள். மேலே கொடி வேலைப்பாடு. எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், பலகைக்குள் கச்சிதமாக அமர்ந்திருக்கின்றன. பிற்காலத்தவரின் பாத்திரங்களில் இடம் போதாமல் எழுத்து நெருக்கியடிப்பதும் வரி சாய்வதும் சாதாரணம். என்னியோனிடம் அது இல்லை. எங்கே எழுத்து வரும், எங்கே பொருத்துக் கோடு விழும் என்று மாதிரியைச் செதுக்கும்போதே முடிவு செய்திருக்கிறார். டெல் அவீவில் உள்ள எரெட்ஸ் இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் நீல ஜாடியைத்தான் அவரது வேலைகளில் சிறந்தது என்று பலர் சொல்வார்கள், நானும் அப்படியே நினைக்கிறேன்.

எருசலேமின் செல்வந்தர் வீடொன்றில் அவரது ஜாடி ஒன்று தீயில் உருக்குலைந்த நிலையில் கிடைத்தது. கி.பி. 70இல் ரோமானியப் படை நகரை எரித்தபோது அந்த வீடும் எரிந்தது. அவர் எந்தக் காலத்தவர் என்பதற்கு அந்த உருகிய ஜாடி ஓர் உறுதியான எல்லைக்கோடு.

அவர் சீதோன்காரர் என்கிறார்களே?

பல நூல்களில் அப்படித்தான் இருக்கும். ஆனால் தன் ஊர் எது என்று அவர் பாத்திரத்தில் பொறிக்கவில்லை. ‘சீதோன்’ என்று வெளிப்படையாக எழுதியவர்கள் வேறு சிலர். அவர்களில் அர்த்தாஸ் என்பவர் கோப்பைக் கைப்பிடிகளில் தன் பெயரையும் ஊரையும் கிரேக்கத்திலும் இலத்தீனிலுமாக இரண்டு மொழிகளில் முத்திரை குத்தினார். விற்பனை எந்தத் திசையில் நடந்தது என்பது இதிலேயே தெரிகிறது.

என்னியோனின் ஜாடிகள் கிழக்கில் கிடைக்கின்றன. கோப்பைகள் வட இத்தாலியில், ஆத்ரியா போன்ற ஊர்களில் நிறையக் கிடைத்தன. கருங்கடலோரத்து பான்டிகாபேயம் வரைகூட அவர் பெயர் போயிருக்கிறது. இதை வைத்து அவர் இத்தாலிக்கே குடிபெயர்ந்தார் என்று ஒரு சாராரும், சரக்கு மட்டும்தான் கப்பலேறியது என்று மற்றொரு சாராரும் வாதிடுகிறார்கள். மூன்றாவது வழியும் உண்டு. அச்சு கையில் அடங்கும் பொருள். ஆள் நகராமலே அச்சு நகர்ந்திருக்கலாம். எனக்கு இந்த மூன்றாவதுதான் அதிகம் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

‘செய்தார்’ என்று எழுதியிருப்பது ஊதியவரையா, அச்சு செய்தவரையா?

அச்சிலேயே பெயர் இருப்பதால், அந்த அச்சில் யார் ஊதினாலும் அதே பெயர்தான் விழும். ஆகவே கையெழுத்து முதலில் அச்சுக்குச் சொந்தக்காரரைக் குறிக்கிறது. அவரே ஊதியும் இருக்கலாம், ஒரு பட்டறையின் தலைவராகவும் இருக்கலாம். அதனால் என்னியோனின் ஒவ்வொரு கோப்பைக்குப் பின்னாலும் பெயரில்லாத ஒரு சோடி நுரையீரலும் ஒரு சோடிக் கைகளும் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அச்சைத் திறந்து மூடியவர்கள் சிறுவர்களாக இருந்திருக்கலாம். அருங்காட்சியகப் பெயர்ப்பலகைகள் இவர்களையும் ஒரு வரியில் நினைவுகூர்ந்தால் நன்றாக இருக்கும்.

வேறு யாருடைய பெயர்கள் கிடைத்துள்ளன?

அரிஸ்தியாஸ் தன்னை சைப்ரஸ்காரர் என்று அறிவித்துக்கொண்டார். யாசோன், மேகேஸ், நெய்காயிஸ் ஆகியோரும் பாத்திரத்தில் பெயர் பொறித்தவர்கள்.

ஒரு பெண்ணின் பெயரும் உண்டு. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கிடைத்த சதுரச் சீசாக்களின் அடியில் ‘சென்டியா செக்குண்டா அக்விலேயாவில் கண்ணாடி செய்கிறார்’ என்ற பொருளில் இலத்தீன் வாசகம் இருக்கிறது. அக்விலேயா, அட்ரியாட்டிக் கடலின் வடகோடித் துறைமுகம். அவர் பட்டறை நடத்தினாரா, தானே உலைமுன் நின்றாரா என்று அந்த ஒரு வரி சொல்லவில்லை. ஆனாலும் தொழில் அவர் பெயரில் நடந்தது.

பாத்திரத்தில் அல்லாமல் கல்லறையில் பெயர் கிடைத்தவர் யூலியுஸ் அலெக்சாண்டர். பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் அவரது கல்வெட்டு அவரை ஆப்பிரிக்கர், கார்த்தேஜ் குடிமகன், கண்ணாடிக் கலைஞர் என்கிறது. 75 ஆண்டு, 5 மாதம், 13 நாள் வாழ்ந்தார். மனைவியோடு 48 ஆண்டு குடித்தனம், மூன்று மகன்கள், ஒரு மகள். இத்துறையில் வேலை செய்த ஒருவரைப் பற்றி இத்தனை விவரம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. வட ஆப்பிரிக்காவில் பிறந்து, உலைப்புகையோடு வாழ்ந்து, 75 வயதைக் கடந்து, ரோன் நதிக்கரையில் கண்மூடியிருக்கிறார்.

கோப்பைகளில் என்னென்ன எழுதினார்கள்?

குடிக்கும் பாத்திரம்தானே, வாழ்த்துகள்தான் அதிகம். ‘மகிழ்ச்சியாக இரு’, ‘வெற்றியைப் பற்றிக்கொள்’ என்பவை அடிக்கடி வரும் கிரேக்க வாசகங்கள். விருந்தில் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் படிக்கும்படி எழுத்து சுற்றிலும் ஓடும்.

விளையாட்டு வீரர்களின் படம் போட்ட கோப்பைகளும் இருந்தனவாமே?

ஆம், முதல் நூற்றாண்டின் பிற்பாதியில், பேரரசின் வடமேற்கு மாகாணங்களில். இன்றைய ரசிகர்கள் வீரர் பெயர் அச்சிட்ட சட்டை வாங்குவதற்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

இங்கிலாந்தின் கொல்செஸ்டரில் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் கோப்பையில் நான்கு குதிரை பூட்டிய தேர்கள் ஓடுகின்றன. மேலே தேரோட்டிகளின் பெயர்கள்: ஹியெராக்ஸ், ஒலிம்பே, அந்திலோக்கே மூவருக்கும் ‘போய் வா’ என்று விடைகொடுத்து, கிரேஸ்கேஸுக்கு மட்டும் ‘வாழ்க’ என்கிறது வாசகம். ஜெயித்தவர் யார் என்று சொல்லவே வேண்டாம்.

பிரான்சின் சவாங்-ஆன்-பைய்யே என்ற ஊரில் கிடைத்த கோப்பை இப்போது அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் எட்டு வாட்போர் வீரர்கள் சோடி சோடியாக மோதுகிறார்கள், ஒவ்வொருவர் பெயரும் மேலே. ஸ்பிக்குலுஸ், கொலும்புஸ் ஆகிய பெயர்கள் வரலாற்று நூல்களிலும் வருகின்றன. நீரோ மன்னன் ஸ்பிக்குலுஸுக்குச் சொத்துகளை அள்ளிக்கொடுத்ததாக எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியுஸ்தான், கொலும்புஸின் காயத்தில் மன்னன் காலிகுலா நஞ்சு தடவச் செய்ததாகவும் எழுதினார். காலிகுலாவும் நீரோவும் வெவ்வேறு ஆட்சிக்காலத்தவர்கள். எனவே இந்தப் பெயர்கள் பட்டப்பெயர்களாகப் பலருக்கும் போயிருக்கலாம், அல்லது கோப்பையே பழைய நட்சத்திரங்களையும் புதியவர்களையும் ஒன்றாகச் சேர்த்திருக்கலாம்.

வேறென்ன வடிவங்கள் உண்டு?

மனிதத் தலை, திராட்சைக் கொத்து, சிப்பி, தேவர்கள் நிற்கும் நெடுங்குவளை என்று வகைகள் பல. எனக்கு மிகப் பிடித்தது பேரீச்சம்பழக் குப்பி. ஒரு பழத்தின் அளவு, பழுப்புக் கண்ணாடி, மேலெல்லாம் காய்ந்த தோலின் சுருக்கங்கள். நிஜப் பழத்தையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்தார்கள் என்று சிலர் கருதுமளவுக்குத் தத்ரூபம். வாசனைத் தைலம் வைப்பதற்கானவை இவை.

கண்ணாடி என்ற பொருளே எங்கிருந்து வந்தது?

இந்தப் பட்டறைகள் மணலிலிருந்து கண்ணாடி காய்ச்சவில்லை. காய்ச்சும் இடம் வேறு, ஊதும் இடம் வேறு. பாலஸ்தீனக் கரையிலும் எகிப்திலும் பெரிய தொட்டி உலைகளில் டன் கணக்கில் கண்ணாடியைக் காய்ச்சி, ஆறியபின் கட்டிகளாக உடைத்துக் கப்பலில் அனுப்பினார்கள். மணல், இன்றைய அக்கோ நகருக்கு அருகே கடலில் கலக்கும் பேலுஸ் ஆற்று முகத்துவாரத்து மணல். அதைக் குறைந்த சூட்டில் உருக்க உதவிய சோடா உப்பு, எகிப்தின் நேட்ரான் ஏரிகளிலிருந்து வந்தது. மணலில் இருக்கும் சிப்பித் துகள் சுண்ணாம்பாகச் சேர்ந்து கண்ணாடியை நிலைப்படுத்தும். இரும்புக் கலப்பால் இயல்பாகவே வெளிர் நீலப்பச்சை வரும். ஆன்டிமனியோ மாங்கனீசோ சேர்த்தால் நிறம் போகும், கோபால்ட் சேர்த்தால் ஆழ்ந்த நீலம்.

உடைந்த பாத்திரங்களையும் சேகரித்து மறுபடி உருக்கினார்கள். நாம் இன்று பார்ப்பவை அந்த மறு உருக்கலிலிருந்து தப்பியவை.

பணக்காரர்களுக்கு மட்டுமா?

முதலில் ஓரளவு அப்படித்தான். ஆனால் ஊதுமுறை பரவியதும் விலை சரிந்தது. ரோமில் ஒரு செப்புக்காசுக்குக் கண்ணாடிக் கோப்பை வாங்கலாம் என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதினார். குடிப்பதற்குத் தங்கம் வெள்ளியைக் கண்ணாடி விரட்டிவிட்டது என்று பிளினி. பின்னாளில், கி.பி. 301இல் ரோமானிய மன்னர் தியோக்ளேசியன் போட்ட விலைக்கட்டளையில், ஒரு ராத்தல் யூதேயக் (பாலஸ்தீனப் பகுதி) கச்சாக் கண்ணாடி 13 தெனாரி (ரோமானியக் காசு), அலெக்சாந்திரியக் கண்ணாடி 24 தெனாரி. யூதேயக் கண்ணாடியில் செய்த சாதாரணக் கோப்பை ராத்தலுக்கு 20 தெனாரிதான். கச்சாப் பொருளுக்கும் ஊதி முடித்த பாத்திரத்துக்கும் இடையில் 7 தெனாரி. ஊதுபவரின் உழைப்பு, விறகு, கழிவு எல்லாம் அந்த ஏழுக்குள் அடங்கியாக வேண்டும். அவர்கள் வாழ்க்கையைப் பற்றி இந்த எண் எனக்குச் சொல்வது அதிகம்.

சதுரச் சீசாக்கள் ஏன் இவ்வளவு கிடைக்கின்றன?

முதல் நூற்றாண்டின் பிற்பாதி முதல் எண்ணெய் போன்ற திரவங்களுக்கான அன்றாடச் சீசா அதுதான். சதுரமாக இருந்தால் பெட்டிக்குள் இடம் வீணாகாது. சுவர் தடிப்பு, கைப்பிடி உறுதி. அடியில் வட்டங்களோ எழுத்துகளோ இருக்கும். மேற்கு மாகாணங்களில் பெரிய சீசாக்களை இறந்தவரின் சாம்பல் வைக்கவும் பயன்படுத்தியதால் பல முழுசாகவே நிலத்தடியில் பிழைத்தன. வடக்கு பிரான்சுப் பகுதியில் பிற்காலத்தில் பீப்பாய் வடிவச் சீசாக்கள் வந்தன. அவற்றின் அடியில் ‘ஃப்ரோன்டினுஸ்’ என்ற பெயர் முழுதாகவோ சுருக்கமாகவோ இருக்கும்.

உடையாத கண்ணாடியை ஒருவர் கண்டுபிடித்தார், மன்னர் அழித்துவிட்டார் என்பது உண்மையா?

ரோமானிய மன்னர் திபேரியுஸ் காலத்துக் கதை. வளையும் கண்ணாடி வந்தால் தங்கம் வெள்ளியின் மதிப்பு போய்விடும் என்று பட்டறையையே ஒழித்தார்களாம். இதை எழுதிய பிளினியே, அதிகம் பேசப்பட்ட அளவுக்கு நம்பகமான செய்தியல்ல என்கிறார்.

இவை தமிழகத்துக்கு வந்தனவா?

ரோமானியக் கண்ணாடி வந்தது. முசிறி, நெல்கிண்டா துறைகளில் இறங்கிய சரக்குகளில் கச்சாக் கண்ணாடியும் ஒன்று என்கிறது கிரேக்க மாலுமிக் குறிப்பான பெரிப்ளுஸ். அரிக்கமேட்டிலும், முசிறியாகக் கருதப்படும், கேரளத்தின் ‘பட்டணம்’ என்ற ஊரிலும் ரோமானியக் கிண்ணத் துண்டுகள் கிடைத்துள்ளன. அவற்றில் பேசப்படுபவை வெளியே தடித்த விலா வரிகள் கொண்ட கிண்ணங்கள். அவை ஊதியவை அல்ல, சூடான கண்ணாடித் தட்டை அச்சுமேல் தொய்யவிட்டுச் செய்தவை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அரிக்கமேட்டின் சொந்தப் பெருமை அதன் கண்ணாடி மணிகள். அது தனிக் கதை, ரோமானியர் கற்றுக்கொடுத்ததல்ல.

மேற்பரப்பில் வானவில் நிறம் மின்னுகிறதே, அது அவர்கள் செய்ததா?

இல்லை. ஈர மண்ணில் நூற்றாண்டுகள் கிடந்ததால் கண்ணாடியிலிருந்து சோடா கசிந்துபோய், மேற்பரப்பு மெல்லிய ஏடுகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. அழகுதான், ஆனால் அது சிதைவு. விரலால் தேய்த்தால் உதிரும்.

இந்தக் கலை எப்போது முடிந்தது?

முடியவில்லை, உருமாறியது. 6ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எருசலேமுக்கு வந்த யாத்ரீகர்களுக்காக ஆறு, எட்டு பட்டைகள் கொண்ட சிறு குப்பிகளை அச்சில் ஊதினார்கள். கிறிஸ்தவர்களுக்குச் சிலுவை, யூதர்களுக்கு ஏழுகிளை விளக்கு, குப்பியின் பாங்கு மட்டும் ஒன்றுதான்.

இணையத்தில் விற்பனைக்கு வருகின்றனவே, வாங்கலாமா?

என் பதில், வேண்டாம். ஒரு காரணம் போலிகள். அசல் பாத்திரத்திலிருந்து அச்சு எடுப்பது எளிது, 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நகல்கள் உலவுகின்றன. வானவில் மினுக்கத்தையும் இரசாயனத்தால் வரவழைக்கலாம். பெரிய காரணம் வேறு. இவற்றில் பல கல்லறைகளைத் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தவை. எங்கே, எதனோடு, எந்த அடுக்கில் கிடைத்தது என்ற தகவல் போனால் பாத்திரம் ஊமையாகிவிடும். எருசலேமில் எரிந்த வீட்டின் தரையில் கிடந்ததால்தான் அந்த உருகிய ஜாடி காலம் சொன்னது. அதையே ஒரு வியாபாரி சுத்தம் செய்து அலமாரியில் வைத்திருந்தால், கோணிப்போன கண்ணாடி என்று தள்ளுபடி விலைக்குப் போயிருக்கும்.

எங்கே பார்க்கலாம்?

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், கார்னிங், இலண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், டெல் அவீவ், இத்தாலியில் ஆத்ரியா ஆகிய இடங்களில் நல்ல பாத்திரங்கள் உள்ளன. மெட்ரோபாலிட்டன் 2014 இறுதியில் தொடங்கி 2015 வரை என்னியோனுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. நேரில் போக முடியாதவர்கள் இந்த அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் பெரிதாக்கிப் பார்க்கலாம். பார்க்கும்போது படத்தைச் சுழற்றி முதலில் பொருத்துக் கோட்டைத் தேடுங்கள், பிறகு எழுத்துப் பலகையை, அதன்பின் தேய்த்த விளிம்பை. இந்த மூன்றும் பிடிபட்டால் அந்தப் பாத்திரம் எந்தெந்தப் படிகளில் செய்யப்பட்டது என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.